கடலடியில் ஒரு படி

கோத்தகிரி
டிசம்பர் 20

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய மல்டிபீம் படத்தை, கப்பலிலிருந்து விசிறிபோல் ஒலிக்கற்றைகளை அனுப்பிக் கடலடியை அளந்த படத்தை, திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தமானுக்கு மேற்கே, 3,000 மீட்டர் ஆழத்தில், வடக்குத் தெற்காக ஓடும் ஒரு படி. உயரம் 20 மீட்டர். அடியில் "உயிருள்ள பிளவு, சந்தேகமே இல்லை" என்று குறித்திருக்கிறாய், இன்னும் நகரக்கூடிய பாறைப் பிளவு என்ற பொருளில். இருக்கலாம் கண்ணு. ஆனால் அந்த வரியை இப்போதே எழுதாதே. கப்பல் துறைமுகம் திரும்ப இன்னும் 9 நாள் இருக்கிறது. அதற்குள் பார்க்க வேண்டியவை பல.

முதலில், கப்பல் எந்தத் திசையில் ஓடியது? நீ அனுப்பிய தடப்படத்தில் ஓட்டங்கள் எல்லாமே வடக்குத் தெற்கு. படியும் வடக்குத் தெற்கு. எனக்கு உறுத்துவது இதுதான். நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். வெப்பம், உப்பு, ஆழம் மூன்றும் மாற மாற அந்த வேகமும் மாறும். முந்தாநாள் எடுத்த ஒலிவேக அளவை வைத்து இன்றைய கடலைக் கணக்கிட்டால் நேர் கீழே போகும் கற்றைக்கு அதிகம் கெடுதல் இல்லை. ஓரக் கற்றைகள்தான் தவறாக வளையும். தட்டைத் தரை இரண்டு ஓரத்திலும் மேலே சுருண்டோ கீழே தொங்கியோ தெரியும். பக்கத்துப் பக்கத்து ஓட்டங்கள் சேருமிடத்தில் அந்தச் சுருள் படியாக நிற்கும். அப்படிப்பட்ட பொய்ப்படி எப்போதும் கப்பல் தடத்துக்கு இணையாகவே ஓடும். 3,000 மீட்டரில் 20 மீட்டர் என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு பிழை வருவது அரிதல்ல. புதிதாக ஒலிவேகம் அளந்துகொண்டு, படிக்குக் குறுக்கே கிழக்கு மேற்காக இரண்டு ஓட்டமாவது ஓட்டச் சொல். அதிலும் அதே இடத்தில் நின்றால் படி உண்மை.

இன்னொன்று. ஒரு பாகை அகலக் கற்றை அந்த ஆழத்தில் தரையைத் தொடும்போது 52 மீட்டர் அகலம் விரிந்துவிடும், ஓரத்தில் இன்னும் கூடுதல். ஆகவே அதில் 2, 3 மீட்டர் படிகள் கரைந்துபோகும். ஒரே நிலநடுக்கத்தில் எழும்பும் படி பெரும்பாலும் அந்த அளவுதான். மல்டிபீமில் இல்லை என்பதற்காகப் பிளவே இல்லை என்று சொல்லாதே. தரைக்கு மேலே 50, 100 மீட்டரில் நீந்தும் தானியங்கி வாகனத்தை இறக்கினால்தான் அவை கண்ணில் படும்.

படி உண்மை என்றாலும் அது பிளவா, சரிவா என்பது அடுத்த கேள்வி. 2009 நவம்பர் மழையில் நம் மலையில் மண் சரிந்த இடங்களை நினைத்துப் பார். மேலே பிறை வடிவில் வெட்டு, நடுவே குழி, கீழே புடைத்த குவியல். கடலடிச் சரிவுக்கும் அதே முகம்தான். அங்கே மழை இல்லை. வேகமாகப் படிந்த சேற்றுக்குள் வெளியேற வழியில்லாத நீரின் அழுத்தம், சில இடங்களில் வாயு, இவற்றின் மேல் ஒரு நடுக்கம், போதும். வெட்டு பிறையாக வளைந்து காலடியில் குவியல் கிடந்தால் அது சரிவின் தழும்பு. பிளவு ஓரளவு நேராக ஓடும், இடையில் விட்டுத் தொடரும், வேர் ஆழத்தில் இருக்கும். சரிவு என்றால் கவலை இல்லை என்று எண்ணிவிடாதே. 1998 ஜூலை 17 அன்று பப்புவா நியூ கினியாவில் வந்த நிலநடுக்கத்தின் அளவு 7 தான். அதையடுத்து எழுந்த சுனாமியில் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த அலையைப் பெரிதாக்கியது கடலடிச் சரிவுதான் என்று ஆய்வுகள் காட்டின.

இனி உள்ளே பார்க்க வேண்டும். ஒலி எழுப்பும் ஏர்கன், எதிரொலியைக் கேட்கும் ஸ்ட்ரீமர் வடம், இரண்டையும் இழுக்கும் ஓட்டத்தைப் படிக்குச் செங்குத்தாகவே வை. கோணலாகக் கடந்தால் பிளவின் சாய்வுக் கோணம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அந்த ஆழத்தில் ஒலி போய்வர 4 வினாடி. 8 வினாடியில் தரையைப் போலவே இன்னொரு கோடு, இரட்டிப்புச் சாய்வோடு தெரிந்தால் அது நீருக்குள் மறுமுறை சென்று வந்த எதிரொலி. அதை அடுக்கு என்று வரைந்துவிடாதே. படத்தைச் செங்குத்தில் எத்தனை மடங்கு இழுத்திருக்கிறாய் என்பதையும் பார். பத்து மடங்கு இழுத்தால் 5 பாகைச் சாய்வு 41 பாகையாக நிமிர்ந்து நிற்கும். திரையில் பயமுறுத்தும் பிளவுகள் பலவும் அளவைச் சரிசெய்தால் சாதாரணமாகிவிடும்.

கோடநாட்டில் நின்றால் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கு தெரியுமே, அதுவும் ஒரு பிளவு மண்டலத்தின் ஓரம்தான், மிக மிகப் பழையது. இவ்வளவு செங்குத்தாக இருக்கிறதே என்று அது நேற்று நகர்ந்ததாக யாரும் சொல்வதில்லை. அதே நேரம், 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 அளவில் நிலம் நடுங்கியதால், இங்கே எல்லாம் செத்துப்போன பிளவு என்றும் சொல்ல முடியாது. உயரத்தை வைத்து வயது சொல்ல முடியாது. எந்த அடுக்கு அறுந்திருக்கிறது, எந்த அடுக்கு அறாமல் அதன்மேல் படிந்திருக்கிறது, இந்த இரண்டின் வயதும் தெரிந்தால்தான் பிளவு கடைசியாக எப்போது நகர்ந்தது என்று சொல்லலாம். ஆழம் போகப் போக அடுக்குகளின் இடப்பெயர்ச்சி கூடிக்கொண்டே போனால் அது ஒரு தடவை அல்ல, பல தடவை நகர்ந்திருக்கிறது.

மேல் 2 மீட்டர் சேறு அறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள். ஆயிரம் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் படியும் இடத்தில் அது 40,000 ஆண்டு அமைதி. கடலடிப் பள்ளத்தாக்கின் வாய்ப்பகுதியில் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் படியும் இடத்தில் வெறும் 2,000 ஆண்டு. இரண்டும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் கோர், அதாவது குழாய் பாய்ச்சித் தூக்கும் சேற்றுத் தூண், எடுக்காமல் பேசாதே என்கிறேன்.

பிஸ்டன் கோரில் எப்போதும் நடக்கும் கெடுதல் ஒன்று உண்டு. குழாய் பாயும் வேகத்தில் மேல்மட்டச் சேறு சிதறிப்போகும். நமக்கு மிகவும் வேண்டிய கடைசி நிலநடுக்கத்தின் தடயம் அதில்தான் இருக்கும். பக்கத்தில் தொங்கி, முதலில் தரை தொட்டுப் பெரிய குழாயை விடுவிக்கும் சிறிய தூண்டுக் கோர் அந்த மேல்மட்டத்தைப் பத்திரமாகக் கொண்டுவரும். அதை உதறிக் கழுவிவிடாமல் பெரிய கோரோடு அடுக்குக்கு அடுக்கு பொருத்து. பெரிய கோரின் அடிமுனையில் அடுக்குகள் செங்குத்தாக இழுபட்டிருந்தால் அது பிஸ்டன் உறிஞ்சிய சேறு, வெட்டி ஒதுக்கு. குழாயைத் துண்டாக்கும்போதே ஒவ்வொரு துண்டிலும் மேல்முனைக்கு அம்புக்குறி போடு. தலைகீழாகப் பெட்டியில் போன துண்டைப் பிறகு சீர்செய்வது பெரும்பாடு.

வயதுக்கு, டர்பிடைட் மணலுக்கு, அதாவது கலங்கிய சேற்றோட்டம் அடித்துவந்து போட்ட மணலுக்கு, சற்றுக் கீழே உள்ள களிமண்ணிலிருந்து மிதவை ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளைப் பொறுக்கு. மணலுக்குள் இருப்பவை வேறெங்கோ கிடந்து அடித்துவரப்பட்ட பழைய ஓடுகள். ஓடுகளின் கார்பனை வைத்துத்தான் வயது கணக்கிடுகிறோம், கடல்நீரின் கார்பன் ஏற்கெனவே பழையது என்பதால் ஏறத்தாழ 400 ஆண்டுத் திருத்தமும், அந்தக் கடலுக்கு உரிய உள்ளூர்த் திருத்தமும் வேண்டும். புயலும் ஆற்று வெள்ளமும்கூட டர்பிடைட்டை உண்டாக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பள்ளத்தாக்குகளில் ஒரே காலத்து மணல் கிடந்தால்தான் நிலநடுக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

கடலடி நிலநடுக்கமானிகளை நீ இறக்கப் போவதாக எழுதியிருந்தாய். கரை நிலையங்கள் எல்லாம் நடுக்கத்துக்கு ஒரே பக்கத்தில் இருப்பதால் இடமும் ஆழமும் சறுக்கும். அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கருவிகள். நங்கூரத்தோடு விட்டால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கும், தரை தொட ஐம்பது நிமிடம் ஆகும். அதற்குள் நீரோட்டம் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிவிடலாம். போட்ட இடத்தையே விழுந்த இடமாக எழுதாதே. கப்பலைச் சுற்றி ஓட்டி, ஒலியால் தூரம் அளந்து, விழுந்த இடத்தைக் கண்டுபிடி. எல்லாவற்றையும்விடக் கடிகாரம் முக்கியம். கடலடியில் ஜி.பி.எஸ். எட்டாது. நாளுக்கு ஒரு மில்லிவினாடி பிசகினாலும் ஓராண்டில் 0.365 வினாடி. நில அதிர்வலை வினாடிக்கு 8 கிலோமீட்டர் ஓடும் பாறையில் அது ஏறத்தாழ 3 கிலோமீட்டர் பிழை. இறக்கும் முன்பும், மேலே எடுத்தவுடன் மின்கலத்தைக் கழற்றும் முன்பும் ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒப்பிட்டு இரண்டையும் குறி. பின்னதை மறந்தால் பிசகு எவ்வளவு என்றே தெரியாது.

பிளவு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று கேட்பாய். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியது. சென்னையிலும் உணர்ந்தார்கள், கடற்கரைகளைக் காலிசெய்தார்கள். ஆனால் பெரிய சுனாமி வரவில்லை. பாறை பக்கவாட்டில் நகர்ந்தது, நீரைத் தூக்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு அறுந்தது வேறு மாதிரி. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டு மேலேறி, கடலையே தூக்கியது. மேற்கு ஓரம் எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியது, நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல். அதனால்தான் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது, நம் பக்கம் நோக்கி முதலில் கிளம்பியது நீர்மேடு. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் நாகப்பட்டினத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் வராத அடையாளத்துக்காகக் காத்திருப்பார்கள்.

4,000 மீட்டர் ஆழத்தில் அந்தச் சுனாமி அலை மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். உயரம் மிகக் குறைவு. இரண்டு மணி நேரம் கழித்து வங்கக்கடலைக் கடந்த, கடல்மட்டம் அளக்கும் ஜேசன் செயற்கைக்கோள் கண்டது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் 36 கிலோமீட்டராகக் குறையும், பின்னால் வரும் நீர் முன்னதன்மேல் ஏறும். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம் முன்பே கணக்கிட்டு வைத்த பல சுனாமிக் காட்சிகளிலிருந்து நடுக்கத்துக்கு ஏற்றதை எடுக்கிறது. பிறகு கடலடி அழுத்தமானிகள் அதை உறுதிப்படுத்துகின்றன. அந்தக் காட்சிகள் எல்லாம் யாரோ வரைந்த பிளவுக் கோடுகளை நம்பி நிற்பவை. நாளை அவற்றில் நீ வரையும் கோடும் இருக்கும். இல்லாத பிளவை வரைந்தால் மக்கள் வீணாக ஓடி, அடுத்த தடவை ஓடமாட்டார்கள். இருக்கும் பிளவை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

குறுக்கு ஓட்டம் முடிந்ததும் படத்தை அனுப்பு. எந்தப் பக்கம் வடக்கு, எத்தனை மடங்கு இழுத்தது, ஒலிவேகம் எந்த நாளில் அளந்தது, மூன்றையும் மூலையில் எழுது. இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. கப்பல் சென்னைக்கு வரும் தேதி தெரிந்தால் சொல், வர்க்கி வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா