கணக்கில் பாதிக் கிணறு

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்கள் (இரண்டாண்டு படித்துவிட்டு நான்காண்டுப் பட்டத்துக்கு மாறிக்கொள்ளக்கூடிய கல்லூரிகள்) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘யாரும் சேரலாம், செலவும் குறைவு’ என்பதோடு நின்றுவிட்டது. சேர்வது சுலபம்தான். கணக்கைத் தாண்டி வெளியே வருவதுதான் பெரும்பாடு. ஓய்வு பெற்றபின் கலிபோர்னியாவில் அப்படியொரு கல்லூரியில் மாலை நேரம் ட்யூஷன் சொல்லிக்கொடுக்கிறேன்.

முன்பெல்லாம் சேரும்போதே ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் மதிப்பெண் குறைந்தால் எண்கணிதம், தொடக்க அல்ஜீப்ரா, இடைநிலை அல்ஜீப்ரா என்று ஒவ்வொரு படியாக ஏறி வரவேண்டும். நான்காண்டுப் பட்டத்துக்கு இவை கணக்கில் சேராது. பணமும் காலமும் போனதுதான். ஒவ்வொரு படியிலும் 100-க்கு 70 பேர் தேறுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று படி முடிவில் மிஞ்சுவது 34 பேர். வேலை, குழந்தை, கார் ரிப்பேர் என்று நடுவில் நின்றுபோனவர்களை இதில் நான் கழிக்கவே இல்லை.

2017-ல் ஏபி 705 என்ற கலிபோர்னியா மாநிலச் சட்டம் வந்தது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து, ஒரே வருடத்தில் கல்லூரி நிலைக் கணக்கை முடிக்க எங்கே வாய்ப்பு அதிகமோ அங்கே மாணவரைச் சேர்க்கச் சொன்னது. 2019 முதல் நேராகப் புள்ளியியல் வகுப்பு, கூடவே அதே பருவத்தில் ஒரு துணை வகுப்பு என்ற முறை பரவியது. அஸ்திவாரம் இல்லாமல் மாடியா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். நான் நினைத்தது தப்பு. தேவைப்படுகிற அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தால் பின்னமும் சதவீதமும் மண்டையில் ஏறத்தான் செய்கின்றன.

போன பருவத்தில், நர்ஸிங் படிப்பதற்காக வேதியியல் எடுத்திருந்த, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்தார். 0.25 கிராம் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் 25 என்றார். எப்படி என்றேன். “கால் டாலர் 25 சென்ட்தானே?” என்றார். தசமம் அவருக்கு நன்றாகவே தெரிகிறது. டாலருக்கு 100, கிராமுக்கு 1000 என்ற இடத்தில்தான் சறுக்கல். அதைச் சொன்னதும் 250 என்று அவரே திருத்திவிட்டார். பழைய முறையில் இதற்காக அவரை ஒரு பருவம் முழுக்க எண்கணித வகுப்பில் உட்காரவைத்திருப்பார்கள். (மருந்தளவில் பத்து மடங்கு பிசகினால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.)

என் குறை இதுதான். துணை வகுப்பு கணக்குத் துறையோடு நின்றுவிடுகிறது. மாணவர் தடுக்கி விழுவதோ வேதியியலில் பொருளின் அளவைக் காணும் மோல் கணக்கில், அமிலத்தன்மையைச் சொல்லும் பிஹெச் வரும்போது மடக்கையில் (லாகரிதம்), இயற்பியலில் விசையைச் சைனும் கொசைனுமாகப் பிரிக்கும்போது. அந்த உதவி மணி நேரத்தை அறிவியல் ஆய்வகத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கலாமே! ஆனால் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரக்காரர்கள். இரண்டு துறைக்காரர்கள் உட்கார்ந்து பேச யார் நேரம் ஒதுக்கி, யார் சம்பளம் கொடுப்பது?

அதற்குள் 2022-ல் ஏபி 1705 வந்து, அறிவியல், பொறியியல் மாணவர்களைப் பெரும்பாலும் நேரே கால்குலஸுக்கே (நுண்கணிதம்) தள்ளுகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. புள்ளியியலுக்குப் போகிறபோக்கில் பின்னம் சொல்லிக்கொடுக்கலாம். கால்குலஸில் ஒவ்வொரு வரியிலும் அல்ஜீப்ரா குறுக்கே வரும். போகிறபோக்கில் சொல்ல அங்கே இடமே இல்லை.

சரி, இங்கே பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி ட்யூஷன் மையத்துக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. முதல் வாரமே வரச் சொல்லுங்கள். என் மேஜை முன்னால் கூட்டம் கூடுவது மிட்டெர்முக்கு (பருவ நடுத் தேர்வு) முந்தின நாள்தான்.

– ஒரு வாசகர்,
ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா