ரிக்கெட் போட முன்னர் ஒரு சொல்: கோடை விடுமுறைக்கு ஊர் வரும் உறவுகளுக்குத் திறந்த மடல்

அன்புள்ள உறவுகளுக்கு,

லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று எங்கெங்கோ இருக்கும் நீங்கள் பள்ளி விடுமுறையோடு திருகோணமலைக்கு வரப்போகிறீர்கள். பிள்ளைகளுக்குத் திமிங்கிலம் காட்ட வேண்டும், யானை காட்ட வேண்டும், புறாமலைத் தீவுக்குப் போக வேண்டும் என்று தொலைபேசியில் சொல்கிறீர்கள். கேட்கவே சந்தோசமாக இருக்கிறது. ஆனால் எல்லோரும் ரிக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் எங்களிடம் கேட்கிறீர்கள். அதற்கு முன்னர் கேளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் என் அக்கா குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வந்தது. இடையில் விமானம் மாறி இருபது மணித்தியாலத்துக்கு மேல் பயணம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வான் வண்டியில் இன்னும் ஆறு மணித்தியாலம். பின்னேரம் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக்கு வந்து சேர்ந்தார்கள், அடுத்த நாள் விடியவே படகு. கலியாணம், கோயில், யாழ்ப்பாணம் என்று மற்ற நாட்களெல்லாம் நிரம்பிவிட்டதால் திமிங்கிலத்துக்கு அந்த ஒரு காலைதான் மிஞ்சியது.

சின்னவளுக்கு எட்டு வயது. கரை மறையமுதலே சத்தி எடுக்கத் தொடங்கியவள், அப்புறம் அக்காவின் மடியிலேயே சுருண்டு கிடந்தாள். அந்த நேரம்தான் நீலத் திமிங்கிலம் ஒன்று மூச்சு விட்டது. புகை போல நேரே மேலெழுந்த வெள்ளை நீர்த்தூசி, பிறகு முடியவே முடியாததுபோல் நீண்டு நகர்ந்த சாம்பல் முதுகு. "பிள்ளை, எழும்பிப் பாரம்மா" என்று அக்கா உலுக்கினார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. எங்களுக்கு அது காலை ஏழு மணி. அவளுடைய உடம்புக்கு முதல் நாள் இரவு ஒன்பதரை.

அதைவிட என்னை வருத்தியது ஒன்று உண்டு. "தம்பி, இன்னும் கிட்டப் போங்கோ, நாளைக்கு நாங்கள் இல்லை" என்று அத்தான் சொன்னார். படகுக்காரத் தம்பியும் இயந்திரத்தை முறுக்கினார். எங்களைப் பார்த்து இன்னும் மூன்று படகுகள் வந்தன. திமிங்கிலம் முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, உள்ளே போய்விட்டது. நூறு மீற்றருக்குள் நெருங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. படகுக்காரருக்கும் அது தெரியும். ஆனால் ஒரே ஒரு காலையோடு வருகிறவர்கள் கெஞ்சும்போது அவர் என்ன செய்வார்? மூன்று காலை கையில் இருந்திருந்தால் அத்தான் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டார். அந்த அவசரம் படகில் தொடங்கியதல்ல, ரிக்கெட் போட்ட அன்றே தொடங்கியது.

அதனால் முதலில் மாதத்தைப் பாருங்கள். எங்கள் கடல் சித்திரை கடைசியிலிருந்து புரட்டாதி வரைதான் படகுக்கு இசைவானது. மார்கழி விடுமுறைக்கு வந்தால் வாடைக் காற்றும் மழையும்தான். அப்போது திமிங்கிலம் பார்க்கத் தெற்கே மிரிஸ்ஸவுக்குப் போவதே சரி. எங்கள் பக்கம் திமிங்கிலத்துக்குப் பருவத்தின் முற்பகுதி நல்லது, யானைக்கு ஓகஸ்ட், செப்ரெம்பர் நல்லது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசையென்றால் ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரை வாருங்கள்.

வந்து இறங்கியதும் மூன்று நாளாவது எதுவும் வைக்காதீர்கள். லண்டனிலிருந்து நேரடி விமானம் ஏறத்தாழ பதினொரு மணித்தியாலம், நேர வித்தியாசம் நாலரை மணி. அவர்கள் கெதியாகத் தேறிவிடுவார்கள். ரொறன்ரோக்காரருக்கு ஒன்பதரை மணி வித்தியாசம், அதுவும் கிழக்கு நோக்கிய பயணம். நித்திரை ஒழுங்குக்கு வர ஒரு கிழமையாவது வேண்டும். அந்த நாட்களில் பிள்ளைகளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். கொட்டியாரக் குடாவின் அடியில் கரைக்கு மிகக் கிட்டவே ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பெரிய உயிர் எங்கள் ஊருக்கு இவ்வளவு அருகில் வருகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் கோயில் இருக்கும் மலையுச்சியில் நின்றே அதன் மூச்சைக் காணலாம். படகும் வேண்டாம், சத்தியும் இல்லை.

போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். பிள்ளைகள் பிஸ்கட் நீட்டுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஒருநாள் கோட்டை வாசலில் ஒரு பெண்மான் பிஸ்கட் உறையை அப்படியே மென்றுகொண்டு நின்றது. வெள்ளிப் பக்கம் வாயோரத்தில் மினுங்கியது. நான் கிட்டப் போய் இழுக்கப் பார்த்தேன், அது விழுங்கிவிட்டது.

புறாமலைக்குப் போகும்போது முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள், பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆழமில்லாத தண்ணீர் என்பதால் களைத்தவுடன் எழுந்து நிற்கத்தான் தோன்றும். நீந்தத் தெரியாதவர்கள் மிதவை அங்கி போட்டுக்கொண்டு மிதந்தாலே போதும், செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள் கீழே போவது தெரியும். அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகிறவை, பயப்பட வேண்டாம்.

இனி முக்கியமான ஒன்று. சிலிண்டர் கட்டிச் சுழியோட விரும்பும் இளம் பிள்ளைகள் அதைக் கடைசி நாளுக்கு வைக்கக் கூடாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் முழுதாக வெளியேற முன்னர் விமானம் ஏறினால், மேலே அமுக்கம் குறையும்போது அது குமிழாகி ஆபத்தாகலாம். பல நாள் சுழியோடியவர்கள் குறைந்தது பதினெட்டு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். முழுதாக ஒரு நாள் விட்டால் இன்னும் நல்லது.

அந்த இடைவெளியைத்தான் யானைக்குக் கொடுக்கச் சொல்கிறேன். யானைகள் கூடும் மின்னேரியா தேசியப் பூங்கா எப்படியும் நீங்கள் கட்டுநாயக்காவுக்குத் திரும்பும் பக்கம்தான். கோடையில் குளம் வற்ற, ஈரத் தரையில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடித்தான் யானைகள் கூட்டம் கூட்டமாகக் காட்டிலிருந்து இறங்குகின்றன. வெயில் தணிந்த பிறகு, நாலு மணியளவில் போனால் நன்றாகத் தெரியும். பார்த்துவிட்டு இருட்டில் கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குத் திரும்பாமல், அன்றிரவு பக்கத்திலுள்ள ஹபரணையில் தங்குங்கள். அந்த வீதியை யானைகள் இரவில் கடக்கும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் ஒன்றாகச் செத்தன. அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா அடுத்த வருடமும் வருகிறார். இந்த முறை ரிக்கெட் போட முன்னர் எனக்கு எடுத்தார். கடலுக்கு மூன்று காலை ஒதுக்கியிருக்கிறோம், வந்து ஏழாம் நாளிலிருந்து. சின்னவள் இப்போதே ஒரு தொலைநோக்கி வாங்கிவிட்டாளாம். நீங்களும் திகதியை முதலில் அனுப்புங்கள், படகுக்கும் வான் வண்டிக்கும் நான் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
நிலாவெளியிலிருந்து
உங்கள் ஊர்க்காரி