கேள்வியில ஒரே ஒரு வார்த்தை சேருங்க - வரலாறு கைடு எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வரலாறு கைடு எழுதுற, மாடல் டெஸ்ட்டுக்கு கேள்வி எடுக்குற எல்லா ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

என் பொண்ணு எம்.ஏ. ஹிஸ்டரி முடிச்சுட்டு முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு படிச்சிட்டு இருக்கா. போன ஞாயித்துக்கிழமை அவ போற கோச்சிங் சென்டர்ல ஒரு டெஸ்ட், அதுல "பிரிட்டனில் பெண்கள் முதன்முதலில் வாக்குரிமை பெற்ற ஆண்டு எது"ன்னு ஒரு கேள்வி. ஆப்ஷன்ல 1869, 1907, 1918, 1928. இவ 1869ன்னு போட்டா, அது நகர சபை தேர்தல்ல பெண்களுக்கு ஓட்டு வந்த வருஷம், ஆனா தப்புன்னு மார்க் போயிடுச்சு. போய் கேட்டதுக்கு கீயில 1918ன்னுதான் இருக்கு, கைடுலயும் அதான் இருக்கு, உட்காருன்னு சொல்லிட்டாங்களாம். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. மார்க்குக்காக அழல. "1869ன்னு ஆப்ஷன்ல அவங்களே குடுத்திருக்காங்கம்மா, அப்போ அந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுதானே குடுத்திருப்பாங்க"ன்னு கேட்டா. எனக்கு பதில் சொல்லத் தெரியல, அதான் உங்ககிட்ட கேக்குறேன்.

நான் பேராசிரியர் இல்ல. தையல் கடை வச்சிருக்கேன், ராத்திரி கடை சாத்தினதுக்கப்புறம் அவ நோட்டை கையில வச்சுக்கிட்டு கேள்வி கேக்குறது என் வேலை. அப்படி கேட்டு கேட்டே விக்டோரியா ராணி காலத்து நகர சபை தேர்தல் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. 1835 சட்டத்தை நீங்களே எல்லா கைடுலயும் போடுறீங்க, 178 நகரங்கள்ல பழைய கூட்டத்தை இறக்கிட்டு வரி கட்டுறவங்களே கவுன்சிலரை தேர்ந்தெடுக்கலாம்னு வந்த சட்டம், வருஷா வருஷம் நவம்பர் 1ஆம் தேதி தேர்தல், மூணுல ஒரு பங்கு கவுன்சிலர் பதவியை விட்டு இறங்கணும், நவம்பர் 9 மேயர் தேர்தல். இதெல்லாம் சரியா இருக்கு. ஆனா அந்த சட்டத்துல "ஆண்"னு ஒரு வார்த்தையை போட்டுத்தான் பொம்பளைங்களை வெளிய நிறுத்தினாங்க, அதை யாரும் எழுதுறதில்ல. அந்த வருஷமும் அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் ஒழுங்கா வரி கட்டியிருந்தா ஆம்பளைக்கு ஓட்டு. அதே தெருவுல அதே வரியை கட்டி கடை நடத்துற விதவைக்கு கிடையாது. வரி வாங்க வந்தவன் அவ வாசலை மட்டும் தாண்டிப் போகல.

1867ல மான்செஸ்டர்ல லில்லி மேக்ஸ்வெல்னு கடை வச்சிருந்த ஒரு அம்மா பேரு தவறுதலா வாக்காளர் பட்டியல்ல வந்துடுச்சு, அவங்க நேரா போய் ஓட்டு போட்டுட்டாங்க, அது நாடாளுமன்ற இடைத்தேர்தல். அதைப் பார்த்து அந்த ஊர்ல 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் எங்க பேரையும் சேருங்கன்னு மனு குடுத்தாங்க, 1868ல கோர்ட்டு முடியாதுன்னு தள்ளிடுச்சு. மறு வருஷம் ஜேக்கப் பிரைட்னு மான்செஸ்டர் எம்.பி. நகராட்சி ஓட்டுரிமை மசோதாவுல ஒரு திருத்தம் கொண்டு வந்தார், ஓட்டுப் போடுற விஷயத்துல ஆணைக் குறிக்கிற சொல் பெண்ணையும் குறிக்கும்னு. பெருசா விவாதமே இல்லாம பாஸ் ஆயிடுச்சு. இங்கிலாந்து, வேல்ஸ்ல சொந்தப் பேர்ல வரி கட்டுற பெண்கள் நகர சபை தேர்தல்ல ஓட்டு போடலாம்னு ஆனது அப்படித்தான். ஸ்காட்லாந்துக்கு அது வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இதுதாங்க 1869. என் பொண்ணு எழுதினது இதைத்தான்.

அந்த ஓட்டு எப்படிப்பட்ட ஓட்டுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1872ல ரகசிய வாக்கெடுப்பு சட்டம் வர்ற வரைக்கும் சீட்டுல தன் பேரை கையெழுத்து போட்டு, எந்த தெருவுல இருக்கற சொத்துக்காக ஓட்டுன்னும் எழுதி குடுக்கணும். யாருக்கு போட்டன்னு ஊருக்கே தெரியும். வீட்டு ஓனருக்கு தெரியும், கடைக்கு வர்ற வாடிக்கையாளருக்கு தெரியும். எங்க தெருவுல நான் யாருக்கு ஓட்டு போட்டேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா என் கடைக்கு பாதி பேர் துணி குடுக்க மாட்டாங்க. அந்த நிலைமையிலதான் முதல் ரெண்டு மூணு வருஷம் அவங்க போய் போட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு தாங்கவே முடியாத விஷயம். சண்டர்லாந்து ஊர்ல ஒரு கவுன்சிலர் ஜெயிச்சது செல்லுமான்னு 1872ல வழக்கு, ரெண்டு பெண்கள் போட்ட ஓட்டைப் பத்தின கேள்வி. ஒருத்தங்க பட்டியல்ல பேர் ஏறும்போது கல்யாணம் ஆகாதவங்க, தேர்தலுக்குள்ள கல்யாணம் ஆயிடுச்சு. இன்னொருத்தங்க கல்யாணம் ஆகி புருஷனை விட்டு தனியா இருந்தவங்க. கல்யாணம் ஆயிட்டா பெண்ணுக்கு சட்டப்படி தனி ஆள்ங்கற நிலையே கிடையாது, அதனால ஓட்டு செல்லாதுன்னு தீர்ப்பு. பட்டியல்ல பேர் இருக்கு, வரி கட்டியிருக்கு, எல்லாம் இருந்தும் தாலி மாதிரி ஒரு மோதிரம் விரல்ல ஏறினதும் ஓட்டு போச்சு. தனியா வாழ்ந்து தானே சம்பாதிச்ச அந்த ரெண்டாவது அம்மாவை நான் நினைச்சுக்கிட்டே இருக்கேன். எனக்கும் பதினாறு வருஷமா அதே நிலைமைதான், கடை என் பேர்ல, வரி என் பேர்ல. இந்த வழக்கை ஒரு கைடுலயாவது ஒரு வரி காட்டுங்க பார்ப்போம்.

கோவமா எழுதுறேன்னு நினைக்காதீங்க. ஆனா ஒருத்தர் கைடை பார்த்து இன்னொருத்தர் எழுதுறதும், அதைப் பார்த்து மூணாவது ஆள் கேள்வி எடுக்குறதும் எத்தனை வருஷமா நடக்குது? நகர சபைன்னாலே சின்ன விஷயம்னு ஒதுக்குறீங்க. குடிதண்ணி, சாக்கடை, தெரு விளக்கு எல்லாம் முடிவாகிற இடம் அதுதானேங்க. ஜோசப் சேம்பர்லெயினை ஆப்பிரிக்கா பாடத்துல காலனி மந்திரின்னு மட்டும் போடுறீங்க, அவர் அதே 1869 நவம்பர்ல பர்மிங்காம் நகர சபைக்கு ஜெயிச்சு, அப்புறம் மேயராகி, கேஸ் கம்பெனியையும் தண்ணி கம்பெனியையும் ஊர் கைக்கு கொண்டு வந்தவர், அது ஒரு கைடுலயும் இல்ல. ஓட்டு போட விட்ட பெண்களை கவுன்சிலரா நிக்க விடறதுக்கு 1907 வரைக்கும் இழுத்தாங்க, அதையும் வெறும் ஆப்ஷனாத்தான் வைக்கிறீங்க, ஏன்னு சொல்றதில்ல.

சரி, பேச்சு எங்கயோ போயிடுச்சு, மன்னிச்சுக்கங்க.

1918 தப்புன்னு நான் சொல்லவே இல்ல. அது நாடாளுமன்ற ஓட்டு, அதுவும் 30 வயசு ஆனவங்களுக்கு, சொத்து நிபந்தனையோட. 21 வயசுல ஆண்களுக்கு சமமா வந்தது 1928ல. அப்போ கேள்வியில "நாடாளுமன்றத் தேர்தலில்"னு ஒரு வார்த்தை சேர்த்தா 1918 சரியான பதில் ஆயிடும். அந்த ஒரு வார்த்தைதான் கேக்குறேன். சேர்க்க முடியாதுன்னா 1869ஐ சரின்னு ஏத்துக்கங்க. ரெண்டும் இல்லாம புள்ளைங்க சரியா எழுதினதுக்கு சிவப்பு பேனால கோடு போடாதீங்க.

தயவு செஞ்சு அடுத்த பதிப்பு அச்சுக்கு போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்க. 1869க்கு ஒரு வரி, சண்டர்லாந்து வழக்குக்கு ஒரு வரி, கேள்வியில ஒரு வார்த்தை. டெஸ்ட் நடத்தினவங்களும் கீயை திருத்தி ஒரு பிரிண்ட் எடுத்து போர்டுல ஒட்டினா போதும். மார்க்கை கூட்டித் தரணும்னு கேக்கல. வர்ற ஞாயித்துக்கிழமையும் அவ அதே சென்டருக்குத்தான் போறா, போர்டை பார்த்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கா.

இப்படிக்கு,
தன் பேர்ல வரி கட்டுற ஒரு தையல்காரம்மா