ஒரு புள்ளிக்கு எத்தனை டாலர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் வீரர்களின் சம்பளத்தை அவர்கள் எடுத்த புள்ளிகளால் வகுத்து "ஒரு புள்ளிக்கு இத்தனை டாலர்" என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். படிக்க ஜாலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கை வைத்து அலெக்ஸ் கரூசோ, டிரேமண்ட் கிரீன் மாதிரி தடுப்பாட்டத்துக்குப் பேர்போன ஆட்களை வாங்கும் காசுக்கு ஆடாதவர்கள் வரிசையில் தள்ளியிருக்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கரூசோ 2024-25 சீசனில் ஓக்லஹோமா சிட்டி அணிக்காக ஆட்டத்துக்கு ஏறக்குறைய 7 புள்ளிதான் எடுத்தார், பெஞ்சிலிருந்து வந்து சுமார் 20 நிமிடம் ஆடுபவர், சரி. ஆனால் அவரைச் சிகாகோவிடமிருந்து வாங்க அந்த அணி ஜாஷ் கிட்டியைக் கொடுத்தது. கிட்டி எட்டு வயது இளையவர், முந்தைய சீசனில் கரூசோவைவிட அதிகப் புள்ளி எடுத்தவர். இது ஏதோ தெரியாமல் செய்த வியாபாரம் இல்லை என்பது 2025 மே மாதம், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில், டென்வருக்கு எதிரான தொடரின் முடிவைத் தீர்மானித்த ஏழாவது ஆட்டத்தில் தெரிந்தது. டென்வரின் நட்சத்திரம் நிகோலா யோகிச் கிட்டத்தட்ட ஏழு அடி உயரம், கரூசோ ஆறரை அடியைக்கூடத் தொடமாட்டார், ஆனாலும் அன்று யோகிச்சைப் பிடிக்கும் வேலையில் பெரும்பகுதி அவர் தலையில்தான் விழுந்தது; யோகிச்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, பந்து கைக்கு வருவதையே பெரும்பாடாக்கினார். ஓக்லஹோமா 125-93 என்று ஜெயித்தது, அப்புறம் அடுத்த மாதம் கோப்பையும் வந்தது. வராமல் போன பாஸுக்கும், அதனால் எடுக்கப்படாமல் போன ஷாட்டுக்கும் உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டம்?

எதை எண்ணுகிறோமோ அதுதான் ஆட்டம் என்று நினைத்துவிடுகிறோம். என்.பி.ஏ.வில் ஸ்டீலும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) பிளாக்கும் (ஷாட்டைத் தடுப்பது) 1973-74 சீசனிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக எண்ணப்படுகின்றன. பாஸ்டன் அணியின் பில் ரஸல் 1969-லேயே ஓய்வுபெற்றுவிட்டார். 13 சீசனில் 11 கோப்பை, ஆனால் அவர் எத்தனை ஷாட்டைத் தடுத்தார் என்பதற்கு அதிகாரப்பூர்வமாக ஒரு எண்கூடக் கிடையாது, புள்ளி சராசரி வெறும் 15 சொச்சம். உங்கள் வகுத்தல் கணக்கில் அவர் எங்கே நிற்பார் என்று போட்டுப் பாருங்கள்.

கிரீன் விஷயத்துக்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் மெம்ஃபிஸுக்கு எதிராக அவர் எடுத்தது 4 புள்ளி. கூடவே 12 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (கூடை விழ வைத்த பாஸ்), 10 ஸ்டீல். புள்ளியில் இரட்டை இலக்கத்தைத் தொடாமலே டிரிபிள்-டபுள், அதாவது மூன்று கணக்கில் இரட்டை இலக்கம், போட்டது என்.பி.ஏ.வில் அதுதான் முதல் தடவை. அதற்கு முந்தைய வருடம் இறுதிச்சுற்றில் 3-1 என்று முன்னணியில் இருந்த அவருடைய அணி கோல்டன் ஸ்டேட், அவர் சஸ்பென்ஷனில் இருந்த ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றது, எதிரணி கிளீவ்லாண்டின் லெப்ரானும் கைரியும் ஆளுக்கு 41 புள்ளி. அது முழுக்க அவர் இல்லாததால்தான் என்று சொல்லமாட்டேன், அணியின் சென்டர் ஆண்ட்ரூ போகட் அதே ஆட்டத்தில் காயமும் பட்டார். வேடிக்கை என்னவென்றால், கடைசி ஆட்டத்தில் கிரீன் 32 புள்ளி எடுத்தார், அணி அதிலும் தோற்றது.

இதைச் சொன்னால் உடனே பிளஸ்-மைனஸ் பாருங்கள் என்று சிலர் கிளம்புவார்கள். ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் அணி எத்தனை புள்ளி ஏறியது, இறங்கியது என்ற கணக்கு. நல்ல கணக்குதான், ஆனால் ஒரே ஒரு ஆட்டத்தில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. கோல்டன் ஸ்டேட்டின் பெரிய நட்சத்திரம் ஸ்டெஃப் கரி பக்கத்தில் நின்றால் யாருக்கும் பிளஸ் ஏறும். கூட ஆடியவர்கள் யார், எதிரில் நின்றவர்கள் யார் என்று பார்த்து, அவர்கள் பங்கைக் கழித்த கணக்கைப் பல சீசன்களுக்குச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். அப்படிப் பார்க்கும்போது மேலே வருகிறவர்களில் கிரீனும் கரூசோவும் உண்டு.

சம்பளத்தை வைத்து அளப்பது இன்னும் மோசம். கரி 2012-ல் கணுக்கால் காயத்தோடு இருந்தபோது நான்கு வருடத்துக்கு 4.4 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்த 2015-16-ல் அணி 73 ஆட்டம் ஜெயித்தது, அவர் ஒருமனதாக எம்.வி.பி. (சீசனின் சிறந்த வீரர்) ஆனார், அணிக்குள் சம்பளத்தில் அவர் ஐந்தாவது ஆள்! ஒப்பந்தம் எந்த வருடம் போட்டார்கள், அப்போது உடம்பு எப்படி இருந்தது, சேலரி கேப் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு) எவ்வளவு, லீகில் எத்தனை வருட அனுபவம், இதெல்லாம் சேர்ந்துதான் தொகை முடிவாகிறது. மிகப் பெரிய நட்சத்திரத்துக்கும் அதிகபட்சம் இவ்வளவுதான் என்று விதியே இருக்கிறது, அனுபவத்தைப் பொறுத்து கேப்பில் 25, 30 அல்லது 35 சதவீதம். திறந்த சந்தையில் விட்டால் யோகிச்சுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.

பட்டியலே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. அடுத்த பிளேஆஃப் சமயத்தில் அதன் பக்கத்தில் இன்னொரு பட்டியலும் போடுங்கள்: எதிரணியின் முதல் ஆளை யார் பிடித்தார், அவர் பிடித்த நேரத்தில் அந்த ஆள் எத்தனை ஷாட் எடுத்தார், எத்தனை விழுந்தது. என்.பி.ஏ.வே இந்த விவரங்களை வெளியிடுகிறது. டிஃப்ளெக்‌ஷன் (எதிரணியின் பந்தைக் கையால் தட்டித் திருப்புவது), வாங்கிய சார்ஜ் (பந்தோடு வந்து மோதுபவர் மேல் ஃபவுல் வாங்குவது) எல்லாம்கூட 2016-லிருந்து கிடைக்கிறது. இடம் போதாது என்றால் அந்த வகுத்தல் கணக்கை எடுத்துவிடலாம்.

வாசகர், கோவை