ஐந்தாம் பாடவேளை: ஆசிரியையாகிவிட்ட என் மாணவிக்கு

அன்புள்ள மாணவிக்கு,

பட்டதாரி ஆசிரியையாகப் பணியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிவிட்ட உன்னை இனி ‘நீங்கள்’ என்று எழுதுவதே முறை. ஆனால் இரட்டைப் பின்னலோடு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை அப்படி எழுதக் கை வரவில்லை; பொறுத்துக்கொள். உனக்கு மட்டும் பதில் எழுதத்தான் தொடங்கினேன். சென்ற ஆண்டு வேறு இரண்டு இளம் ஆசிரியர்களும் இதையே கேட்டது நினைவுக்கு வந்ததால், உன் பெயரையும் பள்ளியையும் விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உன் குறை இதுதான்: ஒன்பதாம் வகுப்பு அறிவியல், வாரத்தில் நான்கு நாள் மதிய உணவு முடிந்த கையோடு வரும் ஐந்தாம் பாடவேளையில் விழுகிறது. பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேருக்குக் கண் சொருகுகிறது. குரலை உயர்த்திப் பார்த்தாய், கதை சொல்லிப் பார்த்தாய், எழுந்து நின்று கைதட்டச் சொல்லியும் பார்த்தாய்; தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிள்ளைகளை உற்சாகமாக வைத்திருக்கும் திறமையே தனக்கு இல்லையோ என்று கடிதத்தை முடித்திருந்தாய்.

அந்தத் திறமை எனக்கு இருந்தது. அதனால் வந்த வினையை முதலில் கேள். பணியில் சேர்ந்த புதிதில், வகுப்பைச் சிரிக்க வைப்பதில் பெயர் எடுத்தவன் நான். ஒருநாள் அணு அமைப்பைக் கல்யாண வீடாக்கி நடித்தே காட்டினேன்: உட்கரு மணமேடை, எலக்ட்ரான்கள் வரிசை வரிசையாகச் சுற்றிவந்து பந்தி பரிமாறுகிறவர்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு. அடுத்த வாரச் சிறுதேர்வில் எலக்ட்ரான் என்றால் என்ன என்று கேட்டிருந்தேன். பெரும்பாலான தாள்களில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒருவன் மட்டும் ‘பாயசம் ஊற்றும் துகள்’ என்று எழுதியிருந்தான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நான் கற்பித்ததை அவன் சரியாகவே எழுதியிருந்தான்.

அந்த நாற்பது நிமிடத்தில் வகுப்பில் வேலை செய்த மூளை என்னுடையது ஒன்றுதான் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன். உவமையைத் தேடியவன் நான், பொருத்தியவன் நான், சொல்லி மகிழ்ந்தவனும் நான். பிள்ளைகள் பார்வையாளர்களாக இருந்தார்கள். எவ்வளவு நல்ல கூத்தானாலும் பார்வையாளர்களுக்கு ஒரு கட்டத்தில் தூக்கம் வரத்தான் செய்யும்.

இதற்கிடையில் உடம்பின் பங்கையும் மறந்துவிடாதே. பிற்பகலின் தொடக்கத்தில் விழிப்பு தளர்வது மனித உடலின் இயல்பான தாளம். மதியம் சாப்பிடாதவருக்கும் அது வரும். பதின்ம வயதில் உறங்கும் நேரம் தானாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, ஆனால் பேருந்தைப் பிடிக்க எழ வேண்டிய நேரம் மாறுவதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு அன்றைய முதல் சாப்பாடே மதியம் சத்துணவுதான் என்றால், அதற்குப் பின் வரும் மயக்கத்தை ஒழுங்கீனமாகப் பார்ப்பது சரியாகாது. என்னிடம் ஒரு பையன் நாள் தவறாமல் தூங்கினான். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து வீடு வீடாகப் பால் போட்டுவிட்டு வருகிறான் என்பது எனக்குத் தெரியவரப் பாதி ஆண்டு ஆனது. அதன் பிறகு அவன் தலை கவிழ்ந்தால் பத்து நிமிடம் விட்டுவிடுவேன். எழுப்பும் வேலையைப் பக்கத்தில் இருப்பவன் பார்த்துக்கொள்வான். மற்றவர்களுக்கு என்று நான் வைத்திருந்த வைத்தியம், வகுப்பு தொடங்குமுன் ஒரு மிடறு தண்ணீர், திறந்த சன்னல், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு ஒரு துண்டுத்தாளைச் சட்டைப்பையிலோ பாடக்குறிப்பேட்டிலோ வைத்துக்கொண்டு, ஒரு பாடவேளையில் எத்தனை பிள்ளைகள் தனியாக ஒரு முழு வாக்கியம் பேசினார்கள் என்று கோடு போட்டு எண்ணிப் பார். நான் எண்ணிய முதல் நாள் இரண்டு கோடு விழுந்தது. அதில் ஒன்று ‘சார், போர்டு மறைக்குது’. அதுவரை என் வகுப்பு கலகலப்பானது என்றே நம்பியிருந்தேன், ஏனென்றால் பிள்ளைகள் ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? ‘தாவரங்கள் உணவு தயாரிக்கும் நிகழ்வு ஒளிச்சேர்க்...’ என்று நான் நிறுத்துவேன். நாற்பது குரல் ஒன்றாக ‘கை’ என்று முடிக்கும். ‘புரிஞ்சுதா?’ என்பேன், ‘புரிஞ்சுது சார்’ என்று ராகத்தோடு வரும். நம் ஊர் வகுப்பறைகளில் பரம்பரையாக ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் கோரஸ், தூங்கிக்கொண்டே சொல்லக்கூடியது. ‘கை’ என்று சொல்ல ஒளிச்சேர்க்கை தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழ் தெரிந்திருந்தால் போதும்.

கேள்வி கேட்டபின் நீ எவ்வளவு நேரம் காத்திருக்கிறாய் என்பதையும் கவனி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர், 1970களில் ஏராளமான வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதற்குள் பதிலைத் தாமே சொல்லிவிடுகிறார்கள் அல்லது வேறு பிள்ளைக்குத் தாவிவிடுகிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாமல் இருந்தவர்கள் குறைந்தார்கள், மந்தம் என்று ஆசிரியர்கள் ஒதுக்கியிருந்த பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். மூன்று வினாடி என்பது காகிதத்தில் சிறிது. நாற்பத்தாறு பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது அது ஒரு யுகம். முதல் வாரம் நான் மனத்துக்குள் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணித்தான் பழகினேன்.

உனக்கு இந்தப் பருவத்தில் பாய்மங்கள் பாடம் வரும் அல்லவா? மிதத்தல், அடர்த்தி, ஆர்க்கிமிடிஸ் தத்துவம். வரையறையைப் பலகையில் எழுதித் தொடங்காதே. கடைத்தெருவில் கமலா ஆரஞ்சு வாங்கு. ஆய்வகத்திலிருந்து உயரமான கண்ணாடி முகவையில் தண்ணீர் எடுத்துவா. தோலோடு ஒரு பழத்தைப் போடு, மிதக்கும். அதை வெளியே எடுத்து, ஒன்றும் பேசாமல், எல்லோரும் பார்க்கத் தோலை உரி. அந்த வாசனை கடைசி பெஞ்சு வரை போகும். சொருகிய கண்ணில் பாதி அதிலேயே திறந்துவிடும். உரித்த பழத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு, இது மிதக்குமா, மூழ்குமா என்று கேள். கையை உயர்த்தச் சொல்லாதே, உயர்த்தினால் முதல் மாணவியின் கையைப் பார்த்து மற்ற கைகள் உயரும். ஒவ்வொருவரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘மி’ அல்லது ‘மூ’ என்று ஓர் எழுத்தையும், காரணமாக ஒரு வரியையும் எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடட்டும். விருப்பப்பட்டால் எழுத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தோல் போனதால் எடை குறைந்துவிட்டது, ஆகவே இன்னும் நன்றாக மிதக்கும் என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். பழத்தை விடு. அது நேராக அடியில் போய் உட்காரும்.

அந்த நொடியில் வகுப்பில் எழும் சத்தத்தை நீ எந்தக் கைதட்டலாலும் உண்டாக்கியிருக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையெழுத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டிருக்கிறது. முடிவு இப்போது அதன் சொந்த விவகாரம். உடனே விளக்கத் தொடங்கிவிடாதே, ஆசிரியர் இனத்துக்கே உள்ள நோய் அது. உரித்த தோலைத் தனியே தண்ணீரில் போட்டு, அது மிதப்பதை மட்டும் காட்டிவிட்டு நில். தோலின் வெண்பஞ்சில் காற்று நிறைந்திருக்கிறது, மொத்தக் கனஅளவோடு ஒப்பிட எடை குறைவாக இருந்ததால்தான் முழுப்பழம் மிதந்தது என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர்வார்கள். ‘சார், அது லைஃப் ஜாக்கெட் மாதிரி’ என்று என்னிடம் சொன்னது அதுவரை வாயே திறக்காத ஒரு பெண். அடர்த்தி என்ற சொல்லை அதற்குப் பிறகு பலகையில் எழுது.

எழுதிவிட்டுப் பக்கத்தவரோடு வாதாடும் இந்த முறையை ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் தம் வகுப்பில் கையாளத் தொடங்கினார். அவருடைய மாணவர்கள் கணக்கைப் போட்டுவிட்டு, அதே கருத்தை எளிய கேள்வியாகக் கேட்டால் தடுமாறினார்களாம். இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால்பங்குதான், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை என்று பவணந்தி நன்னூலில் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியில், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததையும் வைத்து ஆண்ட்ரூ பெல் என்பவர் ஒரு முறையை வகுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார்; இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர். நம் திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை அது.

அண்மைக் காலத்திலும் நாம் இதைச் செய்து பார்த்தவர்கள்தான். ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியின் முறையை அடியொற்றி 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. உட்காரப் பாய், ஒவ்வொரு பிள்ளையும் தானே எடுத்துச் செய்துபார்க்கும் பாட அட்டைகள், அடுத்த அட்டை எது என்று காட்டும் ஏணிப்படி வரைபடம், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அட்டைகள் கிழிந்தன, பதிவேடுகள் பெருகின, குறைகள் பல இருந்தன. நானும் அவற்றைப் பேசியவன்தான். ஆனால் அப்படிப் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்த ஒரு சிறுவன், அரைமணி நேரம் நான் பேசி முடித்தபின், ‘சார், என் அட்டை எங்கே?’ என்று கேட்டான். அவனுக்குச் செய்ய ஒன்றும் நான் வைத்திருக்கவில்லை.

பாடத்தை எப்போது முடிப்பது என்று நீ கேட்பது காதில் விழுகிறது. எல்லா நாளும் ஆரஞ்சு வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை இப்படிச் செய். மற்ற நாள்களில், பாடவேளையின் முதல் மூன்று நிமிடம் புத்தகத்தை மூடிவைத்து நேற்றைய பாடத்திலிருந்து நினைவில் நிற்பதை எழுதவை, நடுவில் ஒரு ‘மி, மூ’ கேள்வி வை, அது போதும். திரையில் காணொளி ஓட்டுவதை மட்டும் ஐந்தாம் பாடவேளைக்கு வைத்துக்கொள்ளாதே. சன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, மின்விசிறியையும் போட்டுவிட்டால், ஆசிரியருக்கே கண் சொருகும்; அனுபவித்துச் சொல்கிறேன். ‘ப’ வடிவில் பெஞ்சுகளைப் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். இருபது பேருக்கு அது அழகு. நாற்பத்தாறு பேருக்கு உன் அறையில் இடம் இருக்காது, ஓரத்தில் உட்காருபவர்களுக்குக் கழுத்து வலிக்கும். பெஞ்சை விட நீ நகர்வது எளிது: கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்று கேள்வி கேட்டுப் பார், வகுப்பு முழுதும் திரும்பி உட்காரும்.

ஆரஞ்சு இரண்டு போதும் என்று கணக்குப் போடாதே, ஒரு கிலோவாகவே வாங்கு. முதல் பழம் முகவையில் இருக்கும்போதே, ‘இதை அப்புறம் யார் சாப்பிடறது மிஸ்?’ என்ற கேள்வி கடைசி பெஞ்சிலிருந்து வந்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய அறிவியல் ஆசிரியர்