துரைக்கு ஒரு வாசல்

எக்ஸிடர், இங்கிலாந்து
ஞாயிறு, மழை

அன்புள்ள கோமு,

ஆடியில் நீ எழுதிய கடிதத்துக்கு மாசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதென்றால் திட்டிவிட்டு மேலே படி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சின்னவள் சொன்னாள். உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? இங்கே இருவரும் நலம். இவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது. சரி, விசாரிப்பு முடிந்தது.

எங்கள் வீட்டுக் கண்ணாடிக் கதவில் ஓட்டை போட்டிருக்கிறோம். 340 பவுண்டு. ரூபாயில் மாற்றிப் பார்க்காதே. நான் பார்த்துவிட்டு இரண்டு நாள் இவரோடு பேசவில்லை.

எல்லாம் ஒரு பூனைக்காக. சிரி, நன்றாகச் சிரி. ஹாஸ்டல் 27ஆம் அறையில் பூனையைப் பார்த்து நான் கட்டில் மேல் ஏறி நின்று கத்தியதை முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி உனக்கு வாய் வலிக்கவில்லை, எனக்குத்தான் காது வலிக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ரசப்பொடி கேட்டு வாங்கிப் போய் அவித்த முட்டைமேல் தூவிச் சாப்பிட்டாரே, அவர்தான். போன சித்திரையில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். வீட்டை மகன் விற்றார். வாங்கியவர்கள் முதல் வேலையாகப் பின்பக்கத்து மரக்கதவைக் கழற்றிவிட்டுப் புதுக்கதவு வைத்தார்கள். பூனை வந்து போகும் சின்னக் கதவு அந்த மரக்கதவின் அடியில்தான் இருந்தது. பூனையை மகன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அது இரண்டு முறை நடந்தே திரும்பி வந்துவிட்டது. பாலம் தாண்டி, கோமு! வந்து அந்தப் புதுக்கதவின் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது. கத்தவில்லை, பிறாண்டவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் எழுந்து எங்கள் கதவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. மகனும் கும்பிடு போட்டுவிட்டு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதற்கு அந்த வீட்டில் என்னவோ பெயர். நான் துரை என்றுதான் கூப்பிடுகிறேன். நடையைப் பார்த்தால் உனக்கும் அதுதான் வாயில் வரும்.

துரைக்கு வெளியே போகும் நேரம் விடியற்காலை நாலு மணி. நாலே காலுக்கு உள்ளே வரவேண்டும். இந்த ஊர் டிசம்பரில் நைட்டிமேல் கம்பளிக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவைத் தள்ளித் திறந்து, ஐயா போவாரா மாட்டாரா என்று காத்துக்கொண்டு நின்று பார்த்தால்தான் உனக்குத் தெரியும். அவர் வாசற்படியில் பாதி உடம்பை வெளியே நீட்டி வானிலை ஆராய்வார். நான் சம்பாதித்த சூடெல்லாம் தோட்டத்துக்குப் போகும்.

அப்புறம்தான் இவர் தலையிட்டார். உனக்குத்தான் தெரியுமே, இவர் தலையிட்டால் எந்த வேலையும் திட்டமாகிவிடும். ஒரு சனிக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தால், என் எவர்சில்வர் தட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, மார்க்கர் பேனாவால் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் டிரில். தட்டுக்குக் குறுக்களவு 21 சென்டிமீட்டர் சரியாக வருகிறதாம், பூனைக்கதவுக்கும் அதே அளவுதானாம். நல்ல வேளை, கண்ணாடியின் மூலையில் மங்கலாக ஏதோ பொறித்திருந்தது என் கண்ணில் பட்டது. போன் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு முத்திரையும் நம்பரும். டஃபன்ட், அதாவது பலமேற்றிய கண்ணாடி. டிரில் முனை பட்டிருந்தால் கதவு முழுவதும் கல்கண்டாகக் கொட்டியிருக்கும்.

வந்த கண்ணாடிக்காரர் பொறுமைசாலி. டீ குடித்துக்கொண்டே பாடம் நடத்தினார். இந்த நாட்டில் கதவுக் கண்ணாடி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம்வரை பாதுகாப்பான ரகமாக இருக்கவேண்டும் என்பது விதி. அதற்காகக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைக்கிறார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பின்னால் ஆறும்போது சுருங்கி மேல்பரப்பை இழுக்கும். அந்த இழுபறிதான் அதற்குப் பலம். அந்த இழுபறி ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் சிதறிவிடும். அதனால் ஓட்டை போடுவதென்றால் சூடாக்குவதற்கு முன்னாலேயே போடவேண்டும். அதுவும் வட்டமாகத்தான். சதுரமாக வெட்டினால் மூலையில் விரிசல் விடும்.

இது ஒரு கண்ணாடியின் கதை. எங்களுடையது இரட்டைக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே ஆர்கான் வாயு, ஓரத்தைச் சுற்றி ஒரு சட்டம், சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள், எல்லாம் சேர்ந்து 28 மில்லிமீட்டர். நடுவில் ஓட்டை போட்டால் வாயு போய்விடும், ஈரம் உள்ளே புகுந்து பனிமூட்டமாக நிற்கும், துடைக்க முடியாது. ஆகவே பழையதில் ஓட்டை போடுகிற பேச்சே இல்லை. ஓட்டையோடு புதுக் கண்ணாடி செய்து, ஓட்டையைச் சுற்றியும் தனியாக அடைத்துக் கொண்டுவருவார்கள். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், வீட்டை விற்கும்போது மாட்டிக்கொள்ளலாம் என்றார். அதனால் இப்போது கேரேஜில் ஒரு முழுக் கதவுக் கண்ணாடி போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஜெயித்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. எங்களுடையது தள்ளுகிற கதவு. ஒரு பாதி நகரும், ஒரு பாதி நகராது. இவர் வட்டம் போட்டது நகரும் பாதியில், இரண்டும் சேரும் நடுக்கம்பத்தை ஒட்டி. கண்ணாடிக்காரரும் அதையே அளந்துகொண்டு எழுந்துவிட்டார். நான் கரண்டியோடு வந்து கேட்டேன்: “பூனைக்கதவு கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டிக்கொண்டு நிற்குமே, கதவைத் தள்ளினால் கம்பத்தில் இடிக்காதா?” இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே வைத்திருந்தால் கதவு ஒரு சாண்தான் திறந்திருக்கும், பூனை மட்டும்தான் போய்வந்திருக்கும். கடைசியில் நகராத பாதியின் கோடி மூலைக்கு மாற்றினோம். அப்படியும் கதவு முழுக்கத் திறக்காமல் ஓர் அடி முன்னாலேயே நின்றுவிடுகிறது. என் இடுப்புக்கு அது போதும். மூச்சை அடக்கிக்கொள்.

கண்ணாடி வர நான்கு வாரம் ஆனது. நடுவில் ஒரு நாள் இங்கே உள்ள கதீட்ரலுக்குப் போயிருந்தோம். பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே ஒரு மரக்கதவு, அதன் அடியில் வட்டமாக ஓர் ஓட்டை. 1598இல் ஆயருடைய பூனைக்காகத் தச்சருக்கு எட்டு பென்ஸ் கூலி கொடுத்து அறுத்தார்களாம். கடிகாரச் சக்கரங்களுக்குத் தடவிய கொழுப்பைத் தின்ன எலி வரும், எலியைத் தின்னப் பூனை வரவேண்டும். அதற்கு முன்னால், 1305 முதல் 1467 வரை, பூனைக்கென்று வாரத்துக்கு ஒரு பென்னி கணக்கில் சம்பளமே எழுதியிருக்கிறார்கள். இவர் குனிந்து உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, கைச்சாணால் அந்த ஓட்டையை அளந்தார். எனக்கு உன் அப்பாதான் ஞாபகம் வந்தார். கொல்லைக் கதவின் அடிப்பலகையை ரம்பத்தால் ஒரு மூலை அறுத்துவிட்டு, “அதுவும் வீட்டு மனுஷிதானே, ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டுவாளா?” என்றாரே. அரை மணி நேர வேலை, கூலியும் இல்லை. அப்புறம் அந்தப் பெருச்சாளி ராத்திரி. அதை எழுதவேண்டாம், உனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

அந்த ராத்திரி மாதிரி இங்கே ஆகக்கூடாதென்றுதான் மைக்ரோசிப் படிக்கிற பூனைக்கதவு வாங்கினோம். நாலு பென்சில் பேட்டரி. பூனையின் தோள்பட்டை நடுவே தோலுக்கடியில் இருக்கும் சிப்பைப் படித்து, நம் பூனை என்றால் மட்டும் தாழ்ப்பாள் திறக்கும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் 20 வாரத்துக்கு மேற்பட்ட வீட்டுப் பூனைக்கெல்லாம் சிப் கட்டாயம். இல்லாவிட்டால் 500 பவுண்டுவரை அபராதம். துரைக்கு ஏற்கெனவே சிப் இருந்தது. மருத்துவர் கருவியை முதுகில் ஓட்டியதும் நம்பர் வந்தது. பதிவில் பாட்டியின் பெயரும் பக்கத்து வீட்டு விலாசமும்.

பெயரை மாற்ற அவர் சம்மதம் வேண்டும். போனோம். கோமு, நீ அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாயே, ஆளைத் தெரிகிறது, வருஷம்தான் தெரியவில்லை என்று. பாட்டியும் அப்படித்தான் இருந்தார். என்னைப் பார்த்து ரசம் என்று சொல்லிச் சிரித்தார், என் பெயர் வரவில்லை. வீட்டை விற்றது அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. பேனாவைக் கையில் கொடுத்தால் காகிதத்தைப் பார்க்காமல், “அவன் தலையால் தள்ள மாட்டான். வலது கையால் தட்டுவான், அப்படித்தான் பழக்கம்” என்றார். இரண்டு தடவை சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார். வரும் வழியில் காரில் இவரும் நானும் ஒன்றும் பேசவில்லை.

கண்ணாடி மாட்டியது முக்கால் மணி நேரம். ஓரப் பட்டைகளை உளியால் தட்டிக் கழற்றி, கைப்பிடி வைத்த ரப்பர் உறிஞ்சியைக் கண்ணாடியில் ஒட்டிப் பழையதைத் தூக்கி எடுத்தார்கள். அந்தப் பத்து நிமிஷம் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய காலி இடம், துரை அதன் வழியாக நிதானமாக உள்ளே வந்து, நிதானமாக வெளியே போனார். வெளியே தரை தாழ்வு என்பதால் படிக்கு இரண்டு கல் போட்டோம்.

இனிதான் கேள். உள்ளேயிருந்து வெளியே போகச் சிப் தேவையில்லை, தள்ளினால் போதும். மூன்றாம் நாளே கற்றுக்கொண்டார். உள்ளே வரும்போதுதான் தலையை நுழைக்கவேண்டும், தலை நுழைந்தால்தான் சிப்பைப் படிக்கும். துரை தலையை நுழைப்பதில்லை. எட்ட நின்று வலது கையால் தட்டுகிறார். கதவு யாரோ அந்நியர் என்று தாழ்ப்பாளைப் பூட்டியபடியே இருக்கிறது. அவர் மறுபடி தட்டுகிறார். அப்புறம் என்னைக் கூப்பிடுகிறார். நாலே காலுக்கு.

டப்பா மீனை உள்ளே வைத்தேன், அசையவில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தில், பழகும்வரை தாழ்ப்பாளை டேப் ஒட்டித் திறந்தே வையுங்கள் என்று போட்டிருந்தது. ஒட்டினேன். அன்று ராத்திரி தூங்கினேன், எட்டு மாதத்துக்கு அப்புறம் முழு ராத்திரி. காலையில் இறங்கி வந்தால், சோபாவில் எங்கிருந்தோ வந்த ஒரு செவலைக் கடுவன் கால் நீட்டிப் படுத்திருக்கிறது, கிண்ணம் காலி, துரை ஃப்ரிட்ஜ்மேல் உட்கார்ந்து என்னைக் குற்றம் சாட்டுகிற மாதிரி பார்க்கிறார். இவர் மாடியிலிருந்து கேட்டார், “பெருச்சாளியா?” என்று. நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார் பார்.

டேப்பை எடுத்துவிட்டேன். இப்போது நாலே காலுக்கு நானே இறங்கிப் போகிறேன்.

நீ எழுதிய வீட்டு விஷயத்தைக் கடைசியில்தான் தொடுகிறேன், தெரிந்தேதான். உன் பிறந்த வீட்டை அண்ணன்மார் விற்கிறார்கள் என்றால் உன்னால் என்ன செய்ய முடியும், கையெழுத்துப் போடத்தான் வேண்டும். பங்கைப் பற்றி விட்டுக்கொடுத்துப் பேசாதே, அம்மா பெயரில் தனியாகப் போடச் சொல். வாங்குகிறவர் இடிக்கப் போகிறாரா, அப்படியே வைத்துக்கொள்வாரா? எப்படியானாலும் சாவி கை மாறுவதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் போய், அந்தக் கதவின் அடிமூலையைப் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. பக்கத்தில் உன் கையை வைத்து எடு. ஓட்டை எவ்வளவு பெரியது என்று இவருக்குக் காட்டவேண்டும்.

வெங்காய வடகம் தீர்ந்துவிட்டது. சின்னவள் பங்குனியில் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்பு.

உன்
லலிதா