அடையாள அட்டையை எண்ணத் தெரியாத மென்பொருள் நிறுவனங்களுக்கு

செயலிகளும் இணையப் படிவங்களும் செய்து வங்கிகளுக்கும் நிதிக் கொம்பனிகளுக்கும் விற்கிற நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பொருளைக் காசு கொடுத்து வாங்காமலே நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிற ஆட்களில் நான் ஒருவன். யாழ்ப்பாணத்தில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, லாமினேற், ரீலோட் எல்லாம் உண்டு. ஆனால் இப்போது முக்கால்வாசி வேலை, மற்றவர்களுக்காக உங்கள் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதுதான். பிள்ளைகள் எல்லோரும் கனடாவில் இருக்கிற ஐயாமார் வருவார்கள். நெடுந்தீவிலிருந்து படகு ஏறி, குறிகாட்டுவானில் பஸ் பிடித்து அம்மாமார் வருவார்கள். உங்கள் செயலி விழுந்தால் அவர்கள் உங்களை ஏசுவதில்லை, உங்களை அவர்களுக்குத் தெரியாது. "தம்பி, நீர் எதையோ மாறி அமத்திப்போட்டீர்" என்று என்னைத்தான் பார்ப்பார்கள்.

மென்பொருளில் பிழை வரக்கூடாது என்று கேட்க நான் விசரன் இல்லை. மனிதன் எழுதுவதில் பிழை வரும். வந்தபிறகு நடக்கிற கூத்துத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு செயலியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அது அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கேட்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த பக்கம். சிலருக்குச் சட்டென்று திறக்கும். சிலருக்குப் 'பிறந்த திகதி தவறானது' என்று சிவப்பில் வரும். அட்டையைப் பார்த்தால் திகதி சரி, பிறப்புச் சான்றிதழிலும் அதேதான். கடையில் சனம் குறைந்த ஒரு மத்தியானம், திறந்தவர்களின் திகதிகளைக் கொப்பியில் ஒரு பக்கமும் திறக்காதவர்களின் திகதிகளை மறுபக்கமும் எழுதிப் பார்த்தேன். ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்கள் எல்லோரும் உள்ளே போயிருக்கிறார்கள். 1980, 1984 போன்ற லீப் வருடங்களில் பிறந்தவர்களும் எந்த மாதமென்றாலும் போயிருக்கிறார்கள். வெளியே நிற்பது மற்றவர்கள் மட்டும்.

அதற்குப் பிறகு விளங்குவதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. எங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இந்தக் கணக்கில் எந்த ஆண்டென்றாலும் பெப்ரவரிக்கு 29 நாள். ஆகவே 1979 மார்ச் 1இல் பிறந்த பெண்ணுக்கு 561. உங்கள் பொறியியலாளர் 1979 லீப் வருடம் இல்லையென்று கெட்டித்தனமாகக் கண்டுபிடித்து, 61ஆம் நாள் மார்ச் 2 என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த அம்மாவுக்குத் தன் பிறந்தநாளே தெரியாதாம்!

சரி, அறிவிப்போம் என்று எழுதினேன். செயலியை நீக்கித் திரும்ப ஏற்றச் சொல்லிப் பதில் வந்தது. இன்ரநெற் வேகத்தையும் பார்க்கட்டாம். தொலைபேசியில் தமிழுக்கு 3ஐ அழுத்தினால் நெடுநேரம் சங்கீதம். அப்புறம் வருகிற பிள்ளை, பாவம், ஆங்கிலம் தெரியுமா என்று கேட்கிறது. கிளைக்கு நேரே போன அம்மாவிடம் "கொம்பியூட்டர் ஏற்கேல்லை, நாங்கள் என்ன செய்யிறது? சத்தியக் கடதாசி முடிச்சுக்கொண்டு வாங்கோ" என்றிருக்கிறார்கள். உங்கள் பிழைக்கு அவ சத்தியம் செய்யவேண்டும், அதற்குக் காசும் கட்டவேண்டும். அன்றைக்கு நெடுந்தீவுக்குத் திரும்பும் படகும் போய்விட்டது.

இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வெண்டிக்காய் முற்றல் என்றால் விற்ற அம்மாவே மாற்றித் தருவா. நீங்களோ 'உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, எவ்விதப் பொறுப்பும் ஏற்கமாட்டோம்' என்று ஆங்கிலத்தில் நீளமாக எழுதி, கீழே 'சம்மதம்' என்று ஒரு பெட்டி வைக்கிறீர்கள். அதை அமத்தாமல் உள்ளே போக ஏலாது. பிறகென்ன சம்மதம்?

கொம்பியூட்டர் சொன்னால் அதுதான் உண்மை என்கிற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரித்தானியத் தபாலகங்களின் கதை இருக்கிறது. புஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் மென்பொருள் 1999 முதல் அங்குள்ள உப தபாலகங்களில் கணக்கு வைத்தது. இல்லாத பற்றாக்குறையை அது காட்டியபோது, தபால் நிர்வாகம் மென்பொருளைக் குறை சொல்லவில்லை, தபாலகம் நடத்தியவர்களைத்தான் சந்தேகித்தது. 2015 வரைக்கும் 900க்கு மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வராத காசை வீட்டை விற்றுக் கட்டியவர்களும் உண்டு. தொடக்கத்திலிருந்தே பிழைகள் தெரிந்திருந்தன என்று புஜிட்சுவின் ஐரோப்பியத் தலைவர் விசாரணையில் ஒப்புக்கொண்டது 2024 ஜனவரியில். தண்டனைகளை மொத்தமாக நீக்கச் சட்டம் வந்ததும் அந்த ஆண்டுதான். அதற்குள் பலர் செத்தே போய்விட்டார்கள். எங்கள் செயலிச் சிக்கல் அந்த அளவுக்கு இல்லை, தெரியும். ஆனால் படிவத்துக்கு முன்னால் இருக்கிற ஆள்தான் பொய் சொல்கிறார் என்று தொடங்குவது இரண்டிலும் ஒன்றுதான்.

ஒப்புக்கொண்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிறீர்களோ தெரியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேற்றால் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் திண்டாடின. ஆனால் மூன்று வாரத்துக்குள், 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் 20தான் கொடுக்கப்பட்டது, அதைச் சோதனையில் பிடிக்கவில்லை என்று அவர்களே எல்லோரும் வாசிக்க வெளியிட்டார்கள். செய்த அழிவுக்கு அது ஈடாகாது. என்றாலும் என்ன நடந்தது என்று சொன்னார்கள். உங்கள் அப்டேற்றைத் திறந்தால் 'சில திருத்தங்கள், மேம்பாடுகள்' என்று மட்டும் இருக்கிறது. எதைத் திருத்தினீர்கள்? எங்களை அலைத்ததையா, வேறெதையாவதா?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஏதாவது பிழை வந்தால் அதைத் தமிழில் கேட்டு எழுதிக்கொள்ள உயிருள்ள ஒரு ஆளை வையுங்கள். எழுதியதற்கு ஒரு இலக்கம் தரட்டும், அந்த இலக்கத்தை அம்மா கிளையில் காட்டினால், நீங்கள் பார்த்து முடிக்கும்வரை கடதாசிப் படிவத்தில் வேலை நடக்கட்டும். சத்தியக் கடதாசி தேவையென்றால் அதை நீங்கள் முடியுங்கள். குடும்பப் பெயர் என்ற பெட்டியைக் கட்டாயம் ஆக்காதீர்கள். இங்கே கனபேருக்குத் தகப்பன் பெயரும் தன் பெயரும்தான், ஒரு படிவத்தில் ஒன்றைப் போட்டு இன்னொன்றில் மாற்றிப் போட்டால் அதற்கும் ஒரு அலைச்சல். அட்டை இலக்கம் 2016 முதல் 12 ஆனது உண்மை, ஆனால் ஒன்பது இலக்கப் பழைய அட்டைக்காரரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களையும் உள்ளே விடுங்கள்.

செயலியை வெளியே விட முதல், மேலே சொன்ன 1979, 561ஐ ஒருதரம் போட்டுப் பாருங்கள். மார்ச் 1 வரவேண்டும். இதற்குப் பதில் எழுதுவதென்றால் எழுதுங்கள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானாக வருகிற மின்னஞ்சல் மட்டும் வேண்டாம், அது என்னிடம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் ஒரு கொமினிகேசன் கடைக்காரன்